புகையிலைக் குடிலில் ஒரு கோயில் சுவர்

எங்கள் டிப்ளோமாப் படத்தை ஊர்ச் சனசமூக நிலையத்தில் போட்டுக் காட்டிய மறுநாள் காலை, அதில் தாயாக நடித்த பரமேஸ் அன்ரி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, எங்கடை திருவிழாவை எங்களிட்டையிருந்து எடுக்கப் போகினமாம்."

"ஆர் அன்ரி?"

"கோயில்காரர். நான் செத்தவீட்டுத் துடக்கோடை கோயிலுக்குள்ளை போனனானாம்."

"நீங்கள் போகேல்லையே."

"போகேல்லை எண்டு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கோயில் தலைவர் தன்ரை கண்ணாலை பாத்தனான் எண்டு நிக்கிறார்."

அவர்களுடைய ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஆண்டுத் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. ஐந்தாம் திருவிழா அன்ரியின் கணவர் வீட்டாருக்கு. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு குடும்பத்திடமிருந்து திருவிழாவை எடுத்தால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு ஊரில் தலை நிமிர்ந்து நடமாட முடியாது. கலியாணப் பேச்சுக்கு வருபவர்கள்கூட முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள்.

தலைவர் கண்ணால் பார்த்தது எங்கள் படத்தில். அந்தக் காட்சியை எடுத்த நாள் அன்ரி கோயிலின் பக்கமே வரவில்லை. அதை எப்படி எடுத்தோம், எடுத்ததை எப்படி இல்லையென்று நிரூபிக்க வேண்டி வந்தது என்பதைப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் இது இல்லை.

ஒன்று: ஒரே ஒழுங்கை ஆட்கள்

என் பெயர் தர்சிகா. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடக்கும் திரைப்படப் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். இப்போது அங்கேயே தயாரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பா கடற்றொழில் செய்பவர். அவரும் அம்மாவும் பள்ளிக்கூட வயதில் வடகரையை விட்டு இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனவர்கள். அவர்களுடைய படிப்பு அத்துடன் நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரம் சித்தியடைந்த முதல் ஆள் நான். உயர்தரம் எழுதிய முதல் ஆளும் நான். படப்பிடிப்பு நாளுக்கான கோல் ஷீட் எழுதிய முதல் ஆளும் நான்தான். கடைசியாகச் சொன்னதில் எங்கள் தெருவுக்கே நான் முதல் என்று நினைக்கிறேன்.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். கமெராவும் லைற்றும் மைக்கும் நான்கு நாளைக்குத்தான் தருவார்கள். பிறகு அவை அடுத்த குழுவுக்குப் போய்விடும். எங்கள் குழுவில் கஜன் இயக்குநர், நான் புறொடக்ஷன் மனேஜர். கதை, வெளிநாட்டில் மகன் உள்ள ஒரு தாயைப் பற்றியது. ஒவ்வொரு வருடமும் குறைந்தது ஒரு குழு வெளிநாட்டில் மகன் உள்ள தாயைப் பற்றிப் படம் எடுக்கும். அந்த வருடம் அது நாங்கள்.

ஆனால் கஜன் எழுதியதில் ஒரு நல்ல காட்சி இருந்தது. தாய் கோயிலுக்குப் போய் மகனின் பெயரில் அருச்சனை செய்யக் கேட்பாள். ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்பார். பெயரைச் சொல்லிவிடுவாள். நட்சத்திரம் நினைவுக்கு வராது. பெற்ற பிள்ளையின் நட்சத்திரம். அவ்வளவுதான் காட்சி. அது இல்லாவிட்டால் மீதிப் படம் முழுவதும் ஒரு மனிசி கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பார்.

பரமேஸ் அன்ரி என்னோடு உயர்தரம் படித்த தோழியின் தாய். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் செய்யும் ஊர். முகத்தில் எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் தெரியப்படுத்தக்கூடிய ஆள். கஜன் அவரைப் பார்த்த உடனேயே சம்மதித்துவிட்டான். மற்ற நடிகர்களையும் நான் அவர்கள் வீட்டு ஒழுங்கையிலேயே, அந்தச் சின்னத் தெருவிலேயே, பிடித்தேன். கடைக்காரராக அன்ரியின் கணவரின் தம்பி. பக்கத்து வீட்டுக்காரியாக அந்தத் தம்பியின் மனைவி. தபால் கொண்டுவருபவராகக் கணவரின் சித்தப்பா மகன். சைக்கிளில் போகிறவர்களாக அவர்களுடைய பிள்ளைகள். வாகனச் செலவு இல்லை. சாப்பாடு ஒரே அடுப்பில். ஒருவர் பிந்தினால் வேலிக்கு மேலால் கூப்பிட்டால் போதும்.

எங்களுக்குத் தயாரிப்புப் பாடம் எடுத்த ராஜன் சேர் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் புறொடக்ஷன்" என்று மற்றக் குழுக்களுக்கு முன்னால் சொன்னார். நான் அந்த வசனத்தை வீட்டிலும் சொன்னேன்.

அன்ரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பிள்ளை, நாங்கள் திருவிழாக்காரர். ஊரிலை எங்களைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது."

"ஒரு சொல்லும் வராது அன்ரி" என்றேன்.

இரண்டு: கனடாவில் ஒரு மரணம்

இரண்டு நாள் எல்லாம் கோல் ஷீட்டின்படி நடந்தது. மூன்றாம் நாள் காலை நாங்கள் போய் இறங்கியபோது அன்ரியின் கணவர், சிவம் அங்கிள், மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு கையில் தொலைபேசியோடு இருந்தார். தொலைபேசியில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவருடைய மூத்த அண்ணர் கனடாவில் இறந்துவிட்டார்.

அண்ணர் போய் முப்பது வருடத்துக்கு மேல். ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் அவரை வட்ஸ்அப்பில் மட்டும் கண்டவர்கள். ஆனால் துடக்கு என்ற சாவுத் தீட்டுக்கு விமானச் சீட்டுத் தேவையில்லை. ஆண் வழிச் சொந்தம் முழுவதையும் அது பிடிக்கும், அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்களையும் பிடிக்கும். தாய், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, தபால்காரர், சைக்கிளில் போகிறவர்கள் என்று எங்கள் நடிகர்கள் எல்லோரும் ஒரே காலையில் துடக்குக்காரர் ஆகிவிட்டார்கள். கோயில் ஐயரை விட்டால், படத்தில் மிஞ்சியது ஒரு காட்சியில் வரும் ஆடு மட்டும்தான். அது பின்வளவுக்காரரின் ஆடு.

நாங்கள் கமெராவை வான் வண்டியிலிருந்து இறக்காமல் நின்றோம். உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். மாமரத்தடியில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது.

"அங்கை ராத்திரி, இஞ்சை விடிஞ்சிட்டுது. எந்த நாளிலையிருந்து எண்ணுறது?" என்றார் கடைக்காரராக நடித்த தம்பி.

"செத்தது அங்கை. அங்கத்தைக் கணக்குத்தான்" என்றார் தபால்காரர்.

"துடக்கு காக்கிறது இஞ்சை."

"அப்ப ரெண்டுக்கும் நடுவிலை கடலுக்குள்ளை வைச்சு எண்ணுவமோ?" என்றார் சிவம் அங்கிள். அன்று காலை அவர் பேசியதை நான் முதலில் கேட்டது அதுதான். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

எந்தக் கணக்கில் எண்ணினாலும் துடக்கு முப்பத்தொரு நாள், எங்களுக்கு மீதியிருந்தது இரண்டு நாள். ராஜன் சேருக்கு அழைத்தேன்.

"கமெரா நாளையிண்டைக்கு மற்றக் குழுவுக்கு. செத்தவர் உங்கடை ஆளோ?"

"இல்லை சேர்."

"அப்ப உங்களுக்குத் துடக்கு இல்லைத்தானே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கஜன் என்னைப் பார்த்தான். செத்தவீட்டில் இப்படியான விஷயத்தைக் கேட்பது புறொடக்ஷன் மனேஜரின் வேலை என்பதை அவன் பாடத்தில் படித்திருந்தான். நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் சிவம் அங்கிளே எழுந்து வந்தார்.

"வீட்டுக்குள்ளை எடுக்கிறதை எடுங்கோ. அண்ணையும் படம் பாக்கிற ஆள். கோயில் மட்டும் ஏலாது."

"எங்கடை படமே கோயில்தான் அங்கிள்" என்றான் கஜன்.

"அப்ப படத்தை மாத்துங்கோ தம்பி. கோயிலை மாத்தேலாது."

நான் கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டேன். ஐயர் இளம் ஆள், எதையும் நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்பவர். "ஆசூசம், அதுதான் துடக்கு, ஆளுக்கு, கமெராவுக்கு இல்லை. உங்களுக்கு நாளைக்கு எண்டு சொன்னது சொன்னதுதான், நீங்கள் வரலாம். அவ வரேலாது" என்றார்.

அந்த வசனத்தோடு சைக்கிளில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கமெரா வரலாம். அவர் வர முடியாது. கமெராவுக்கு அவர் வரவேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று: சுவர்

முதல் மாதத்திலேயே எங்களுக்குப் பார்வைக்கோடு படிப்பித்திருந்தார்கள். இரண்டு பேர் பேசுவதை எடுக்கும்போது ஒருவர் சற்று இடப்பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் சற்று வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெட்டி ஒட்டினால், அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று பார்ப்பவரின் மூளையே தீர்மானித்துவிடும். அவர்கள் ஒரே அறையில் இருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே ஐயரைக் கோயிலில் எடுப்பது. அன்ரியை வீட்டில் எடுப்பது. அவருக்குப் பின்னால் ஒரு கோயில் சுவர் தேவை.

அன்ரியின் வீட்டு வளவின் கோடியில் ஒரு பழைய புகையிலைக் குடில் இருந்தது. முந்தி அதற்குள் புகையிலையைத் தூக்கிப் புகை போடுவார்களாம். இப்போது உடைந்த கதிரைகளும் உரப் பைகளும் மட்டும். உள்ளே நல்ல இருட்டு, சுண்ணாம்புச் சுவர். நானும் கஜனும் காவியும் சுண்ணாம்பும் கரைத்துச் சுவரில் அகலமான சிவப்பு வெள்ளைக் கோடுகள் அடித்தோம். கதவுப் பக்கம் ஒரு மஞ்சள் லைற். லென்ஸை முழுதாகத் திறந்து பின்னணியை மங்கவிட்டதும் மொனிற்றரில் அது கோயில். கண்ணை எடுத்துப் பார்த்தால் உரப் பைகளுக்கு நடுவில் ஒரு சுவர்.

அன்ரி மொனிற்றரை எட்டிப் பார்த்தார்.

"உது எங்கடை குடிலோ?"

"ஓம் அன்ரி."

"நான் கும்பிட மாட்டன்."

"ஏன் அன்ரி? சாமி இல்லையே."

"கை கூப்பினால் கூப்பினதுதான். சாமி எங்கை நிண்டாலும் காணும்."

கஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவனுடைய காலை மிதித்தேன். ஷொட்டைத் தோளுக்குக் கீழே வெட்டி நெருக்கமாக வைத்தோம். அருச்சனைத் தட்டும் தேவையில்லை, கற்பூரமும் தேவையில்லை. கைகளுக்கு வேலை வேண்டும் என்று அன்ரி கேட்டதால், வெங்காயம் அள்ளுகிற நீலப் பேசின் ஒன்றைப் பிடிக்கக் கொடுத்தோம். படத்தில் நீங்கள் காணும் அந்தப் பணிவான தோள்களுக்குக் கீழே இருப்பது அதுதான்.

ஐயரின் வசனத்தைக் கமெராவுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னேன். "பேர், நட்சத்திரம்?"

"சுதன்" என்றார் அன்ரி. பிறகு நிறுத்தினார். வாய் திறந்து மூடியது. கண் நிறைந்து ஒரு துளி விழுந்தது. கஜன் கட் சொல்ல மறந்து நின்றான்.

"எடுத்தாச்சோ?" என்றார் அன்ரி. "இந்தக் குடிலுக்குள்ளை இன்னும் புகையிலைத் தும்பு கிடக்கு. கண் எரியுது."

அந்தக் கண்ணீருக்காக எங்களுக்குப் பின்னர் தேர்வில் தனியாகப் புள்ளி கிடைத்தது.

மறுநாள் கோயிலில் ஐயரை எடுத்தோம். அன்ரி நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். அவருடைய உயரத்துக்கு வர இரண்டு செங்கல்லின் மேல் நின்றேன். எடுப்பதற்கு முன் ஐயர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"இந்தச் சுதன் எண்டவர் உண்மையான ஆளோ?"

"இல்லை ஐயா. கதையிலை வாறவர்."

"அப்ப அருச்சனை ஆருக்குப் போய்ச் சேரும்?"

நான் கஜனைத் திரும்பிப் பார்த்தேன். "பிள்ளையார் பாத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் நன்றாகச் செய்தார். கோயில் மணியையும் தனியாகப் பதிவு செய்தோம். பிறகு வெட்டி ஒட்டும்போது அந்த மணிச் சத்தத்தை அன்ரியின் முகத்துக்குக் கீழே ஓடவிட்டதும் உரப் பைகள் இருந்த இடமே எனக்கு மறந்துவிட்டது.

எடுத்து முடித்துக் குடிலை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து சிவம் அங்கிள் அழைத்தார். காற்றுக்குக் குடில் கதவு திறந்து கிடந்திருக்கிறது. ஒழுங்கையால் போன ஒரு வயதானவர் உள்ளே கோடுகளைக் கண்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் வாசலில் யாரோ இரண்டு செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள்.

"பிள்ளை, உதுக்கு வந்து வெள்ளை அடியுங்கோ. இன்னும் ரெண்டு நாள் விட்டால் கொடியேத்திப் போடுவாங்கள்."

நானும் கஜனும் போய் வெள்ளை அடித்தோம்.

நான்கு: திரையிடல்

துடக்குக் கழிந்து, கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, படத்தையும் வெட்டி ஒட்டி முடித்த பிறகு, நடித்தவர்களின் ஊரிலேயே போட்டுக் காட்டினோம். எங்கள் பள்ளியில் அது வழக்கம். முன்வரிசையில் கோயில் நிர்வாக சபைத் தலைவர் இருந்தார். சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வெற்றிலைகூடப் போடாத மனிதர். அருச்சனைக் காட்சியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். "அந்த மனிசி கோயிலுக்குள்ளை நிண்டு கண்ணீர் விட்டது உண்மையாய் இருந்தது" என்றார் அப்பா. அது கோயில் இல்லை என்று சொன்னேன். அப்பா நம்பவில்லை. சொந்தத் தகப்பனே நம்பாததை நான் அன்று பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தலைவர் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு கணக்குப் பார்த்திருக்கிறார். இந்தப் பிள்ளைகள் கோயிலில் படம் எடுத்தது கனடாச் சாவுக்கு மறுநாள். ஊர் முழுக்கக் கண்டது. படத்தில் பரமேஸ்வரி கோயிலுக்குள் நிற்கிறாள். ஊர் முழுக்க அதையும் கண்டது. கணக்கில் பிழையில்லை.

ஐந்து: மடத்தில்

அடுத்த வெள்ளி பின்னேரம் கோயில் மடத்தில் கூட்டம். என்னையும் கஜனையும் வரச் சொன்னார்கள். தலைவர், செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர், ஐயர், இன்னும் இரண்டு பேர். அன்ரியும் அங்கிளும் ஒரு கரையில் பாயில் இருந்தார்கள். அன்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லப்டொப்பும் ஹாட் டிஸ்க்கும் கொண்டு போயிருந்தேன்.

"பிள்ளை, நீதானே உந்தப் படத்துக்குப் பொறுப்பு?" என்றார் தலைவர்.

"ஓம் ஐயா. புறொடக்ஷன் மனேஜர்."

"பரமேஸ்வரி கோயிலுக்குள்ளை நிண்டவவோ இல்லையோ?"

"இல்லை ஐயா."

"நான் பாத்தனான்."

"நீங்கள் பாத்தது படத்திலை ஐயா."

"நானும் படத்திலை பாத்தனான் எண்டுதானே சொல்லுறன்."

ஐயர் தொண்டையைச் செருமினார். "நான் அண்டைக்கு முழுக்க உள்ளை நிண்டனான். அவ வரேல்லை. இந்தப் பிள்ளைதான் செங்கல்லுக்கு மேலை நிண்டது."

"ஐயா, நீங்கள் நல்ல மனிசன். ஒருதரையும் காட்டிக் குடுக்க மாட்டியள்" என்றார் தலைவர் மரியாதையாக.

வெட்டாத காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். கிளாப் போர்ட், அன்ரியின் முகம், பக்கத்தில் என் குரல். தலைவர் கவனமாகப் பார்த்தார்.

"பின்னாலை கோயில் சுவர் நிக்குது."

"அது குடில் சுவர் ஐயா. நாங்கள் காவி அடிச்சனாங்கள்."

"இப்ப உந்தக் கொம்பியூட்டரிலை ஆனையைக் கொண்டுவந்து அடுப்படியிலை நிப்பாட்டலாம்" என்றார் செயலாளர்.

"அதுதான். எனக்குச் சுவரைக் காட்டு. காட்டினால் நான் எழும்பிப் போறன்" என்றார் தலைவர்.

"சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு" என்றார் சிவம் அங்கிள்.

"ஏன் அடிச்சனீங்கள்?"

"சனம் கும்பிடத் துவங்கிட்டுது."

அது முழு உண்மை. ஆனால் அந்த இடத்தில் அதைக் கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"சிவம்," என்றார் தலைவர், "உன்ரை அண்ணை இருந்திருந்தால் உப்பிடி ஒரு கதை சொல்லுவாரோ? ஐஞ்சாம் திருவிழா அந்த மனிசன்ரை பேரிலை நடந்தது."

அன்ரி முதல் தடவையாக நிமிர்ந்தார். என்னைத்தான் பார்த்தார்.

கமெரா பொய் சொல்லாது என்று நினைப்பவருக்குக் கமெராவைக் காட்டி எதையும் விளங்கப்படுத்த முடியாது. அந்தப் பொய்யை அவருக்கு முன்னாலேயே செய்துகாட்ட வேண்டும். நான் தலைவரிடம் கேட்டேன்.

"ஐயா, உங்களை ஒருக்கா எடுக்கலாமோ? கன நேரம் இல்லை."

"என்னை ஏன்?"

"எப்பிடிச் செய்தனாங்கள் எண்டு காட்டத்தான்."

அவர் சால்வையைச் சரிசெய்தார். மடத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவரை இருத்தி, கஜன் தொலைபேசியில் நெருக்கமாக எடுத்தான். அந்த நேரம் மடத்துக் கேத்தலிலிருந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கேத்தலை வாங்கிக்கொண்டு கமெராவுக்கு இடப்பக்கம் நின்றேன்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் விடவோ?"

"கொஞ்சமா விடு. காணும், காணும்" என்றார். குடித்தார். மீசையைச் சால்வையால் துடைத்தார். "என்ன, நல்லாப் போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

"போதும் ஐயா" என்றேன்.

எல்லாக் குழுக்களின் காட்சிகளையும் பிரதி எடுத்து வைப்பது என் பொறுப்பு. ஆகவே ஹாட் டிஸ்க்கில் மற்றக் குழு ஒரு கள்ளுத் தவறணையைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் காட்சிகளும் இருந்தன. அதில் ஒரு ஷொட் எனக்கு நினைவிருந்தது. ஊற்றுகிறவர் கையில் கள்ளு வார்க்கும் பிளாஸ்ரிக் யக்கோடு வலப்பக்கம் பார்த்து, "என்ன ஐயா, இன்னும் விடவோ?" என்று கேட்பார். பின்னால் வெள்ளைச் சுவர். கஜனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே அதைத் தேடிக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வெட்டி ஒட்டிவிட்டோம். தவறணையின் இரைச்சலை இரண்டு ஷொட்டுக்கும் கீழால் ஓடவிட்டோம். லப்டொப்பைத் தலைவரின் பக்கம் திருப்பினேன்.

தவறணைக்காரர் யக்கைத் தூக்கினார். "என்ன ஐயா, இன்னும் விடவோ?"

தலைவர், மிக நெருக்கமாக: "கொஞ்சமா விடு. காணும், காணும்."

யக்கு சரிந்தது. பின்னணியில் யாரோ பாட்டுப் பாடினார்கள். தலைவர் மீசையைத் துடைத்தார். "என்ன, நல்லாப் போட்டிருக்கிறாங்கள்."

முடிந்தது. தலைவர் லப்டொப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன்.

"நான் உங்கை ஒருநாளும் போனதில்லை" என்றார். அவருடைய குரல் மாறியிருந்தது.

செயலாளர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் இப்ப என்ரை கண்ணாலை பாத்தனான்" என்றார்.

ஐயர் மூலஸ்தானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு மட்டும் குலுங்கியது. அன்ரி மறுபடியும் நிலத்தைப் பார்த்தார். ஆனால் இந்த முறை வேறு காரணத்துக்காக.

"உதை அழி" என்றார் தலைவர்.

"அழிக்கிறன் ஐயா. ஐஞ்சாம் திருவிழா..."

"அது அவையின்ரைதானே. ஆர் இல்லையெண்டது?"

அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. நான் அழித்தேன்.

"குப்பைக் கூடைக்குள்ளை கிடக்குமாமே. அதுக்குள்ளையிருந்தும் அழி."

அழித்தேன். கஜனின் தொலைபேசியிலிருந்தும் அழிக்க வைத்தார். பிறகு அங்கிளின் பக்கம் திரும்பி, "சிவம், இந்த முறை மேளத்துக்கு ஆரைப் பிடிச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். அங்கிள் பதில் சொல்லத் தொடங்கினார். அவர்கள் மேளத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.

ஆறு: தீர்மானம்

ஐந்தாம் திருவிழா நடந்தது. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்ரி எங்களை முன்னுக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். ஊரில் யாராவது கேட்டால், "எங்கடை புறொடக்ஷன் மனேஜர்" என்று என்னைக் காட்டினார். அந்தச் சொல்லை அவர் ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார்.

அதே மாதக் கூட்டத்தில் நிர்வாக சபை இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றியது. அவற்றைச் செயலாளர் எங்கள் பள்ளிக்கு எழுத்தில் அனுப்பினார். முதலாவது, கோயிலுக்குள் படப்பிடிப்பு நடத்தக்கூடாது. இரண்டாவது, கோயிலுக்கு வெளியே, கோயிலுக்குள் இருப்பது போன்றும் படப்பிடிப்பு நடத்தக்கூடாது. ராஜன் சேர் இரண்டாவதை மூன்று தடவை வாசித்தார். பிறகு, "இதை எப்பிடி அமுல்படுத்துவினம்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

எனினும் அதில் நியாயம் இருக்கிறது. அன்ரியை நாங்கள் கோயிலுக்குள் கொண்டு போகவில்லை, உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்த அத்தனை பேரின் மனதிலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். அவரிடம் அதற்குச் சம்மதம் கேட்கவில்லை. குடிலுக்குள் நிற்கச் சம்மதமா என்று மட்டும்தான் கேட்டோம்.

இப்போது புதிய பிள்ளைகள் என்னிடம் லொக்கேஷன் அனுமதிக்கு வரும்போது நான் முதலில் அவர்களுடைய நடிகர்களின் சொந்தக்காரர்களில் வெளிநாட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். நான் பதில் வரும் வரை காத்திருக்கிறேன். அடுத்து, படம் எடுக்கும் இடத்துக்கு அனுமதி எடுத்தாயா என்று கேட்கிறேன். எடுத்தேன் என்பார்கள். படத்தில் தெரியப் போகிற இடத்துக்கு? நடிக்கிற ஆளுக்கு அந்த இடம் எதுவென்று சொன்னாயா? பெரும்பாலும் இல்லை. போய்ச் சொல்லிவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறேன். கமெராவை அதற்குப் பிறகுதான் கொடுக்கிறேன்.